போர்வையின் அகலம்

சென்ற வாரம் வகுப்பில் பூகோள பாடம் நடந்து கொண்டிருந்தது. சுவரில் தொங்கிய உலகப் படத்தைப் பிரம்பால் சுட்டிக் காட்டி, கண்டங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"ஸார், அமெரிக்காவைக் கண்டு பிடித்தவர் கொலம்பஸ் என்று சரித்திர பாடத்தில் சொன்னீர்களே! அப்படியானால் கொலம்பஸின் பெயரை வைக்காமல் அமெரிக்கா என்று ஏன் வைத்தார்கள்?"

"அமெரிகோ வெஸ்பூச்சி என்று ஒருவர் இருந்தார். அவருடைய பெயர்தான் அது" என்றோம்.

"அவர் என்ன செய்தார், ஸார்?"

மணி அடித்துவிட்டது. பள்ளிக்கூடத்து மணி உபாத்தியாயர்களை எத்தனையோ சங்கடங்களிலிருந்து காப்பாற்றி வருகிறது. அன்றும் காப்பாற்றியது. "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தோம்.

அன்றிரவு புத்தகங்களைப் புரட்டியபோதுதான், அந்தச் சிறுவன் கேட்ட கேள்வி நாம் நினைத்தது போல் சுலபமானதல்ல என்று தெரிந்தது. விடையைத் தேடிப் புறப்பட்ட நாம், கப்பல்களுக்கும் சமுத்திரங்களுக்கும் போவதற்கு முன்னால், இத்தாலியில் ஒரு மாதா கோவிலின் வாசலில் போய் நிற்கும்படி ஆயிற்று. வாசகர்களையும் அங்கேயே அழைத்துச் செல்கிறோம்.

இத்தாலி தேசத்திலே பிளாரென்ஸ் என்று ஒரு நகரம் உண்டு. மறுமலர்ச்சி யுகம் என்று சரித்திர ஆசிரியர்கள் புகழ்ந்து கூறும் காலத்துக்கு அந்த நகரம் தாய்வீடு. அதன் நடுவே ஆர்னோ நதி ஓடுகிறது. நதிக்கரையின் ஓரமாக "ஓஞ்ஞிசாந்தி" என்னும் பெயருள்ள கோவில் ஒன்று இருக்கிறது. சகல புனிதர்களின் கோவில் என்பது அந்தப் பெயருக்குப் பொருள். 13-ஆம் நூற்றாண்டில் இதை எழுப்பியவர்கள் "உமிலியாத்தி" என்ற சபையைச் சேர்ந்த துறவிகள். உமிலியாத்தி என்றால் தாழ்மையுள்ளவர்கள். இவர்கள் ஜபமாலையை உருட்டுவதோடு நின்று விடவில்லை. கம்பளி நூற்றார்கள், நெய்தார்கள், விற்றார்கள். தங்கள் கையால் உழைத்துச் சாப்பிட வேண்டும் என்பது அவர்களுடைய விரதம். பிளாரென்ஸ் நகரத்தின் செல்வத்துக்கெல்லாம் கம்பளித் துணிதான் அஸ்திவாரம் என்பதை நினைத்துப் பார்த்தால், நூல் நூற்ற இந்தச் சந்நியாசிகளை அந்த ஊரார் ஏன் கொண்டாடினார்கள் என்பது விளங்கும். மகா சித்திரக்காரரான ஜியோத்தோ, 1310-ஆம் வருஷத்தை ஒட்டி, இந்தக் கோவிலுக்கென்றே பெரிய தேவமாதா படம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அது இன்றைக்கு அதே நகரத்தின் உபீஸி சித்திரசாலையில் இருக்கிறது.

இந்தக் கோவிலைச் சேர்ந்த வட்டாரத்திலே 15-ஆம் நூற்றாண்டில் இரண்டு குடும்பங்கள் அண்டை அயலாக வாழ்ந்தன. ஒன்று வெஸ்பூச்சி குடும்பம். மற்றொன்று பிலிபேபி குடும்பம்.

வெஸ்பூச்சிகள் கௌரவமான மனிதர்கள். "வெஸ்பா" என்றால் இத்தாலிய பாஷையில் குளவி. ஆகவே அவர்களுடைய குலச் சின்னத்தில் குளவிகள் பறக்கும். குளவியைச் சின்னமாகக் கொண்டவர்களாயினும், கொட்டுவதில் மட்டும் அவர்கள் பெயர் வாங்கவில்லை. அந்தக் குலத்துச் சீமோனே வெஸ்பூச்சி என்பவர் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே தெருவில் ஏழைகளுக்காக ஓர் ஆஸ்பத்திரி கட்டி வைத்தார். நமது கதாநாயகனுடைய தகப்பனார் நஸ்தாஜியோ வெஸ்பூச்சி, பத்திரங்கள் எழுதிப் பதிவு செய்யும் உத்தியோகத்தில் இருந்தவர். 1454-ஆம் வருஷத்தில் அவருக்கு ஒரு பிள்ளை பிறந்தது. அமெரிகோ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் ஒரு காலத்தில் பாதி பூமியின் மீது எழுதப்படும் என்று பெயர் சூட்டிய பாட்டிமார் யாரும் கனவில் கூட நினைத்திருக்கமாட்டார்கள்.

பிலிபேபி குடும்பத்தின் தலைவர் மரியானோ, தோல் பதனிடும் தொழில் செய்து வந்தவர். அவருடைய கடைசிப் பிள்ளை சாந்த்ரோ. "பொத்திசெல்லி" என்று உலகம் அழைப்பது இந்தச் சாந்த்ரோவைத்தான். வசந்த காலத்தையும், கடலிலிருந்து எழும் வீனஸ் தேவியையும் தீட்டி அழியாப் புகழ் பெற்றவர் அவரே. பத்திரம் எழுதுபவர் வீட்டுப் பிள்ளையும் தோல் பதனிடுபவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே கோவில் மணியின் ஓசையைக் கேட்டு வளர்ந்தார்கள்.

1472-ஆம் வருஷத்தை ஒட்டி, வெஸ்பூச்சி குடும்பத்தார் ஓஞ்ஞிசாந்தி கோவிலில் தங்களுக்குரிய பீடத்தின் மேலே ஒரு சுவர்ச் சித்திரம் எழுதும்படி கிர்லாந்தாயோ என்ற சித்திரக்காரரிடம் சொன்னார்கள். கிர்லாந்தாயோ அப்போது இளைஞர். பிற்காலத்தில் மைக்கலாஞ்சலோ சிறுவனாக வந்து தொழில் பழகியது இவரிடத்தில்தான். அவர் எழுதிய சித்திரத்திற்குக் கருணை மாதா என்று பெயர். தேவமாதா நடுவே நிற்கிறாள். இரண்டு கரங்களையும் விரித்திருக்கிறாள். அவளுடைய போர்வையை இரண்டு தேவதூதர்கள் இரு பக்கமும் பிடித்து விரித்திருக்கிறார்கள். அந்தப் போர்வையின் நிழலில் ஆண்கள் ஒரு புறமும் பெண்கள் ஒரு புறமுமாக மண்டியிட்டிருக்கிறார்கள். கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக் கொள்ளும் காட்சியைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தச் சித்திரத்தை விளக்க வேண்டியதில்லை.

மாதாவின் பக்கத்தில், பெரியவர்களுக்கு நடுவே, ஓர் இளம் பிள்ளையின் முகம் எட்டிப் பார்க்கிறது. அவன்தான் அமெரிகோ என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இந்தப் பீடத்துச் சித்திரத்தில் அமெரிகோவின் முகமும் இருக்கிறது என்று 16-ஆம் நூற்றாண்டில் சித்திரக்காரர்களின் சரித்திரத்தை எழுதிய வாஸாரி குறித்திருக்கிறார். இது ஐதீகமேயன்றி நிரூபணமான விஷயமல்ல. பிற்காலத்து மராமத்துகளில் இந்தச் சித்திரம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போய், 1898-ஆம் வருஷத்தில்தான் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த முகம் அமெரிகோவினுடையதாக இருந்தாலும் சரி, அவனுடைய சகோதரனுடையதாக இருந்தாலும் சரி, அவன் அந்தப் போர்வையின் கீழ் வளர்ந்த பிள்ளை என்பதில் சந்தேகமில்லை. வாசகர்கள் இந்தப் போர்வையை மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

எட்டு வருஷம் சென்று, 1480-ல், அதே கோவிலில் இரண்டு சித்திரக்காரர்களுக்குள் போட்டி போல் ஒரு காரியம் நடந்தது. பொத்திசெல்லி அகஸ்தீன் முனிவரை எழுதினார். கிர்லாந்தாயோ ஜெரோம் முனிவரை எழுதினார். இரண்டும் எதிரெதிராக வைக்கப்பட்டன. ஜெரோம் சாந்தமாகக் கன்னத்தில் கை வைத்து நம்மைப் பார்க்கிறார். அகஸ்தீனோ நெஞ்சில் கை வைத்து, எதையோ கேட்டுத் திடுக்கிட்டவர் போல் மேலே நோக்குகிறார். அவரைச் சுற்றிலும் கடிகாரம், கிரகங்களின் சுழற்சியைக் காட்டும் வளையக் கோளம், க்ஷேத்திர கணிதப் புத்தகம் எல்லாம் இருக்கின்றன. மேலே வெஸ்பூச்சிகளின் குளவிச் சின்னம். பணம் கொடுத்தவர்கள் யார் என்பது அதிலிருந்தே தெரிகிறது.

அந்தக் கணிதப் புத்தகத்தின் பக்கத்தில் பொத்திசெல்லி ஒரு குறும்பு செய்திருக்கிறார். வெறும் கிறுக்கல் போல் தோன்றும் வரிகளுக்கிடையே சில சொற்களை மட்டும் படிக்கும்படி எழுதியிருக்கிறார். மார்த்தீனோ என்ற துறவி எங்கே என்று ஒருவர் கேட்கிறார். ஓடிவிட்டார், நகர வாசலுக்கு வெளியே போய்விட்டார் என்று மற்றொருவர் பதில் சொல்கிறார். மடத்திலிருந்து நழுவிய சாமியாரைப் பற்றி மடத்துக் கோவிலிலேயே எழுதி வைத்திருப்பதைப் பார்க்கும்போது, அந்தக் காலத்துப் பக்தியில் சிரிப்புக்கும் இடமிருந்தது என்று அறிகிறோம். அதே வருஷத்தில் கிர்லாந்தாயோ அந்த மடத்தின் போஜன சாலைச் சுவரில் இயேசுநாதரின் கடைசி இராப்போஜனத்தையும் எழுதினார்.

சித்திரம் ஒரு புறமிருக்க, படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அமெரிகோவுக்குச் சிற்றப்பா முறையில் ஜார்ஜியோ அந்தோனியோ வெஸ்பூச்சி என்று ஒரு பண்டிதர் இருந்தார். லத்தீனும் கிரேக்கமும் கற்றவர், புத்தகப் பிரியர். அவரிடத்தில்தான் அமெரிகோ படித்தான். நகரத்தை ஆண்டு வந்த மெடிசி குலத்தின் இளைய கிளையைச் சேர்ந்த லோரென்ஸோ டி பியர் பிரான்செஸ்கோ என்பவரும் அவரிடம் பாடம் கேட்டவர். இந்த லோரென்ஸோவின் குடும்பத்து வீட்டில்தான் பொத்திசெல்லியின் வசந்த காலச் சித்திரம் இருந்தது. இவருடைய கொடுக்கல் வாங்கல்களைக் கவனிக்கும் காரியஸ்தனாகத்தான் அமெரிகோ பிற்பாடு வேலைக்கு அமர்ந்தான். குரு, சித்திரக்காரன், எஜமான், காரியஸ்தன் எல்லோரும் இவ்வாறு ஒரே வலையில் முடிச்சுகள் போல் இருந்தார்கள்.

பிளாரென்ஸின் சுக வாழ்வுக்கு நடுவே ஓர் இடிமுழக்கம் கேட்டது. சவனரோலா என்ற தொமினிக் சபைத் துறவி, சான் மார்க்கோ மடத்துக்கு 1491-ல் தலைவரானார். பணக்காரர்களின் ஆடம்பரத்தையும் மத குருக்களின் ஒழுக்கக் கேட்டையும் அவர் பிரசங்க மேடையிலிருந்து கண்டித்தபோது, கேட்டவர்கள் அழுதார்கள். 1494-ல் பிரெஞ்சு ராஜா படையோடு வந்தான், மெடிசிகள் ஓடினார்கள், நகரம் சவனரோலாவின் பேச்சுக்குக் கட்டுப்பட்டது. 1497-ஆம் வருஷம் பிப்ரவரி 7-ஆம் தேதி, சிறுவர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டிய முகக் கண்ணாடிகள், சூதாட்டச் சீட்டுகள், பொய் முடிகள், வேஷ முகமூடிகள், புத்தகங்கள், படங்கள் எல்லாவற்றையும் நகரச் சதுக்கத்தில் மலை போல் குவித்துக் கொளுத்தினார்கள். கலையை நேசிப்பவர்களுக்கு அதை நினைக்கும்போது வயிறு எரிகிறது. ஆனால் ஏழைகள் பசித்திருக்கும் ஊரில் சிலர் மட்டும் பட்டும் முத்துமாய்த் திரிவதைக் கண்டு கொதித்த மனிதர் அவர் என்பதையும் மறப்பதற்கில்லை.

பண்டிதர் ஜார்ஜியோ அந்தோனியோ, முதிர்ந்த வயதில், அந்தச் சான் மார்க்கோ மடத்திலேயே துறவு பூண்டார். பொத்திசெல்லியின் தமையன் சீமோனே, சவனரோலாவின் பக்தர்களில் ஒருவனானான். போப்பாண்டவரோ சவனரோலாவை மதத்திலிருந்து விலக்கி வைத்தார். ஜனங்களின் மனமும் மாறியது. 1498-ஆம் வருஷம் மே மாதம் 23-ஆம் தேதி அவரையும் சக துறவிகள் இருவரையும் அதே சதுக்கத்தில் தூக்கிலிட்டு, உடல்களை எரித்து, சாம்பலை ஆர்னோ நதியில் கரைத்தார்கள்.

இந்தத் தேதியைப் படித்தபோது நமது கை புத்தகத்தில் அப்படியே நின்று விட்டது. அதே வருஷம் அதே மே மாதம் 20-ஆம் தேதி, அதாவது சரியாக மூன்று நாளைக்கு முன்னால்தான், வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் நமது கள்ளிக்கோட்டைக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சின! ஆர்னோ நதியில் சாம்பல் கரைந்த அதே வாரத்தில், நமது மேற்குக் கடற்கரையில் புதிய பாய் மரங்கள் தெரிந்தன. அன்று வந்த போர்ச்சுக்கீசியர்களுடைய ஆட்சி கோவாவில் 1961-ஆம் வருஷத்தில்தான் முடிவடைந்தது. பிளாரென்ஸ் வியாபாரிகளும் சும்மா இருக்கவில்லை. லிஸ்பன் நகரில் இருந்த ஸெர்னீஜி என்ற பிளாரென்ஸ் வர்த்தகர், 1499-ல், கள்ளிக்கோட்டையின் சரக்குகளையும் விலைவாசிகளையும் பற்றி ஊருக்குக் கடிதம் எழுதி அனுப்பினார்.

நமது அமெரிகோ இதற்குள் எங்கே போனார்? மெடிசி எஜமானரின் வியாபார நிமித்தமாக ஸ்பெயினுக்குச் சென்று, 1492-ஆம் வருஷத்திலேயே ஸெவில் நகரில் இருந்தார். அங்கே பெரார்தி என்ற பிளாரென்ஸ்காரர் கொலம்பஸின் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் காண்டிராக்டு எடுத்திருந்தார். அவர் இறந்த பிறகு கணக்கு வழக்குகளைத் தீர்த்து வைத்தவர் அமெரிகோ. பிறருடைய கப்பல்களுக்குப் பிஸ்கோத்தும் பீப்பாயும் எண்ணிக் கொண்டிருந்த மனிதர், நாற்பத்தைந்தாவது வயதில், தாமே கப்பலேறினார். 1499-ல் ஓஜேதா என்ற ஸ்பானியத் தலைவனின் யாத்திரையில் சேர்ந்து தென் அமெரிக்காவின் வட கரைக்குப் போனார்.

திரும்பி வந்ததும், 1500-ஆம் வருஷம் ஜூலை மாதம் 18-ஆம் தேதி, பழைய எஜமானர் லோரென்ஸோவுக்கு ஸெவில் நகரிலிருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன.

முதற் கணக்கு ஆகாயத்தைப் பற்றியது. 1499-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 23-ஆம் தேதி இரவு, சந்திரனும் செவ்வாய்க் கிரகமும் நெருங்கி வந்ததைக் கவனித்து, அதைக் கொண்டு தாம் மேற்கே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கண்டறிய முயன்றதாக அதில் எழுதுகிறார். கரை தெரியாத கடலில், தூக்கத்தை விட்டு, நட்சத்திரங்களை நோக்கி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரை மனக் கண்ணால் பார்க்கிறோம். பொத்திசெல்லி எழுதிய அகஸ்தீனும் வளையக் கோளத்தின் பக்கத்தில் அப்படித்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கோவிலில் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி இருப்பான் என்று பெருமைப்படத் தோன்றுகிறது.

இரண்டாவது கணக்கு மனிதர்களைப் பற்றியது. யாத்திரையில் லாபம் போதவில்லை. ஆகவே திரும்பும் வழியில் சில தீவுகளில் இறங்கி, அங்கிருந்த ஜனங்களில் 232 பேரைப் பலவந்தமாகப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். 32 பேர் நடுக்கடலில் இறந்து போனார்கள். மீதியிருந்த 200 பேரைக் காடிஸ் துறைமுகத்தில் அடிமைகளாக விற்றார்கள். இதையும் அமெரிகோ அதே பேனாவால், அதே கடிதத்தில், அதே நிதானத்தோடு எழுதுகிறார். வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. பெட்டியில் இருந்த பொருள்களில் இத்தனை உடைந்தன, இத்தனை பத்திரமாக வந்து சேர்ந்தன என்று காரியஸ்தன் எஜமானுக்கு எழுதுவது போலிருக்கிறது.

ராட்சசன் ஒருவன் இதை எழுதியிருந்தால் நமக்கு ஆச்சரியமில்லை. எழுதியவர் படித்தவர், ஆஸ்பத்திரி கட்டிய குலத்தில் பிறந்தவர், துறவியாகிவிட்ட பண்டிதரிடம் பாடம் கேட்டவர். கருணை மாதாவின் போர்வையின் கீழ் மண்டியிட்ட குடும்பத்துப் பிள்ளை. அந்தப் போர்வை தம் வீட்டாரையெல்லாம் மூடியது அவருக்குத் தெரியும். கடலுக்கு அப்பால் இருந்தவர்கள் மீதும் அது விரிய வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவேயில்லை.

அதே 1500-ஆம் வருஷத்தின் இறுதியில், பிளாரென்ஸில், பொத்திசெல்லி ஒரு சித்திரம் எழுதினார். இப்போது அது லண்டன் தேசீய சித்திரசாலையில் இருக்கிறது. இயேசுநாதரின் பிறப்பைக் காட்டும் படம் அது. மேலே தேவதூதர்கள் வட்டமிட்டு ஆடுகிறார்கள். கீழே மூன்று தேவதூதர்கள் மூன்று மனிதர்களை ஆரத் தழுவிக் கொள்கிறார்கள். குட்டிப் பேய்கள் பயந்து பூமியின் வெடிப்புகளில் ஓடி ஒளிகின்றன. படத்தின் மேல் விளிம்பில், இத்தாலியின் துன்ப காலத்தில் இதை எழுதியதாகக் கிரேக்க மொழியில் அவரே பொறித்திருக்கிறார். காடிஸ் துறைமுகத்தில் விற்கப்பட்டவர்களைப் பற்றிய கடிதம் அவருடைய ஊருக்கு எழுதப்பட்ட அதே வருஷத்தில், அந்தக் கடிதக்காரரின் அண்டை வீட்டுக்காரர் மனிதனும் தேவதூதனும் தழுவிக் கொள்ளும் நாளைக் கனவு கண்டார்! ஒரே தெருவிலிருந்து இரண்டு பார்வைகள் புறப்பட்டிருக்கின்றன. இது நம்மை வெகு நேரம் தூங்க விடவில்லை.

இனி, பெயர் வந்த கதை. 1501-ல் அமெரிகோ போர்ச்சுகல் ராஜாவின் கப்பல்களில் மறுபடியும் புறப்பட்டார். வழியில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், கள்ளிக்கோட்டையிலிருந்து திரும்பிக் கொண்டிருந்த கப்ரால் என்பவரின் கப்பல்களைச் சந்தித்து, அவர்களிடம் இந்தியாவைப் பற்றி விசாரித்து எழுதி அனுப்பினார். பிறகு பிரேஸில் கரையோரமாகத் தெற்கே நெடுந்தூரம் சென்றார். அது ஆசியாவின் ஓரமல்ல, யாரும் அறியாத புதிய உலகம் என்னும் கொள்கை அவர் பெயரால் அச்சான கடிதங்களில் ஐரோப்பா முழுவதும் பரவியது. கொலம்பஸோ தாம் ஆசியாவை அடைந்து விட்டதாகவே கடைசி வரை சாதித்தவர்.

1507-ல், லொரேன் நாட்டில் ஸான் தியே என்ற சிற்றூரில், வால்ட்ஸீமுல்லர் என்ற தேசப்படக்காரரும் ரிங்மன் என்ற பண்டிதரும் சேர்ந்து பன்னிரண்டு தாள்களில் உலகப் படம் ஒன்று வெளியிட்டார்கள். ஐரோப்பாவும் ஆசியாவும் பெண்களின் பெயரைக் கொண்டவை. ஆகையால் இதற்கு ஓர் ஆணின் பெயரை வைப்பதில் தவறில்லை என்று நியாயம் கூறி, தென் பகுதியின் மீது "அமெரிக்கா" என்று பொறித்தார்கள். பிற்பாடு வால்ட்ஸீமுல்லருக்கே சந்தேகம் வந்து, 1513-ல் வெளியான படத்தில் அந்தப் பெயரை விட்டு விட்டு, கொலம்பஸ் கண்டு பிடித்த நாடு என்று குறித்தார். ஆனால் அச்சாகி ஊர் ஊராகப் போய்விட்ட பெயரைத் திரும்ப அழைக்க யாரால் முடியும்? 1538-ல் மெர்காட்டர் அதே பெயரை வட பகுதிக்கும் சேர்த்து எழுதிவிட்டார். 1507-ஆம் வருஷத்துப் படத்தில் ஒரே ஒரு பிரதிதான் தப்பிப் பிழைத்தது. 1901-ல் ஜெர்மனியில் ஒரு கோட்டையில் அகப்பட்ட அந்தப் பிரதியை அமெரிக்க காங்கிரஸ் நூல் நிலையத்தார் 2003-ல் ஒரு கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள்.

அமெரிகோ கொலம்பஸின் புகழைத் திருடினார் என்று சிலர் பழி சொல்வதுண்டு. அது நியாயமல்ல. பெயர் வைத்தவர்கள் அவரைக் கண்ணால் கண்டவர்களும் அல்லர். கொலம்பஸே 1505-ல் தம் மகன் தியேகோவுக்கு எழுதிய கடிதத்தில், அமெரிகோ யோக்கியமான மனிதர் என்றும், அதிர்ஷ்டம் அவருக்குத் துணை செய்யவில்லை என்றும் அனுதாபத்தோடு குறிப்பிடுகிறார். அமெரிகோ ஸ்பெயினின் தலைமை மாலுமியாக நியமிக்கப்பட்டு, 1512-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் ஸெவில் நகரில் காலமானார். பொத்திசெல்லி அதற்கு இரண்டு வருஷம் முன்பே இறந்து, தாம் சித்திரம் எழுதிய ஓஞ்ஞிசாந்தியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். நூல் நூற்ற துறவிகளின் சபையும் நிலைக்கவில்லை. செல்வம் பெருகி, நோன்பு குன்றி, சீர்திருத்த வந்த கர்தினால் பொரோமியோவை அந்தச் சபையான் ஒருவன் 1569-ல் சுடத் துணிந்ததன் பேரில், 1571-ல் போப்பாண்டவர் அந்தச் சபையையே கலைத்து விட்டார். தாழ்மை என்று பெயர் வைத்துக் கொண்டால் மட்டும் போதாது போலும்!

அந்தக் காலத்தில் எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள், அமெரிகோவை மட்டும் குறை சொல்வானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். எல்லோரும் அப்படி இருக்கவில்லை. 1511-ஆம் வருஷம் டிசம்பர் 21-ஆம் தேதி, அமெரிகோ உயிரோடிருந்த காலத்திலேயே, கடலுக்கு அப்பால் ஹிஸ்பானியோலா தீவில் ஒரு காரியம் நடந்தது. அந்தோனியோ தெ மொந்தெஸினோஸ் என்ற துறவி பிரசங்க மேடையில் ஏறினார். இவரும் சவனரோலாவைப் போலத் தொமினிக் சபையைச் சேர்ந்தவர். எதிரே ஸ்பானிய கனவான்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொலம்பஸின் மகனும் தீவின் அதிபதியுமான தியேகோவும் இருந்தார். இந்தத் தீவின் ஜனங்கள் மனிதர்கள் அல்லவா, இவர்களுக்கு ஆத்மா இல்லையா, எந்த நியாயத்தால் இவர்களை அடிமை கொண்டீர்கள் என்று அந்தத் துறவி அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டு விட்டார். கனவான்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்று மடத்துக்கே போய் மிரட்டினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடியும் மேடை ஏறி, முன்னிலும் கடுமையாக அதையே சொன்னார்.

இந்தப் பிரசங்கத்தைத் தம் சரித்திர நூலில் காப்பாற்றி வைத்தவர் லாஸ் காஸாஸ். அவரும் ஆதியில் செவ்விந்தியர்களை வேலை வாங்கிப் பிழைத்தவரே. 1514-ல் அதைத் துறந்தார். பிற்பாடு தொமினிக் சபையில் சேர்ந்தார். ஆயுள் முழுவதும் அந்த ஜனங்களுக்காக ராஜ சபையில் வாதாடினார். அவருடைய போர்வையிலும் ஒரு கிழிசல் இருந்தது. செவ்விந்தியர்களுக்குப் பதிலாக ஆப்பிரிக்கர்களைக் கொண்டு வரலாம் என்று ஆரம்பத்தில் அவர் யோசனை சொன்னார். அது பெரும் பாவம் என்று பின்னால் உணர்ந்து வருந்தி எழுதினார். போர்வையை ஒரே நாளில் அகலமாக்கிவிட முடியாது என்பதையும், அகலமாக்க முடியும் என்பதையும் இரண்டையுமே இவருடைய வாழ்க்கையில் காண்கிறோம்.

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் நம்மால் இயன்ற மட்டும் சுருக்கிச் சொன்னோம். தேசப்படத்தில் ஸெவில் எங்கே, காடிஸ் எங்கே, பிரேஸில் எங்கே என்று காட்டினோம். 232 பேரின் கணக்கையும் மறைக்கவில்லை. பையன்கள் சத்தம் செய்யாமல் கேட்டுக் கொண்டிருந்தார்கள். முடிவில், முந்தின நாள் கேள்வி கேட்ட அதே சிறுவன் எழுந்து நின்றான்.

"ஸார், அமெரிகோவின் பெயரைப் படத்தில் போட்டார்கள். அந்த 232 பேருடைய பெயர்கள் எந்தப் படத்திலாவது இருக்கின்றனவா?"

நாம் திரும்பிச் சுவரில் தொங்கிய உலகப் படத்தைப் பார்த்தோம். பிரம்பை மேஜை மீது வைத்தோம்.

"எந்தப் படத்திலும் இல்லை, அப்பா" என்றோம்.

அன்று மணி அடிப்பதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.